ரொட்டியும் உதவியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கணவரோடும் மகனோடும் வெளிநாட்டில் வசிக்கிறேன். வேலைக்குச் செல்லவில்லை. இங்கே வந்த பிறகு வீட்டிலேயே ரொட்டியும் கேக்கும் செய்யக் கற்றுக்கொண்டேன். என் பகல்பொழுதுகள் அதில்தான் கழிகின்றன. பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் என் தோழியின் கணவருக்குச் சில மாதங்களுக்கு முன் வேலை போய்விட்டது. "என்ன உதவி வேண்டுமானாலும் தயங்காமல் சொல்" என்று பலமுறை சொன்னேன். அவள் எதுவுமே கேட்கவில்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் நானே ஐசிங் செய்த கேக்கையோ, முந்தைய நாளே சுட்டு ஃப்ரிட்ஜில் வைத்த ரொட்டியையோ எடுத்துக்கொண்டு போய், சற்று நேரம் உட்கார்ந்து பேசி, வேலை விஷயம் என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டு வருவேன். எங்கள் வாட்ஸாப் குழுவில் "என் அன்புத் தோழிக்காக" என்று கேக்கின் படத்தைப் போட்டபோது எல்லோரும் பாராட்டினார்கள். அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சென்ற வாரம், "இனி எதுவும் கொண்டுவராதே, ரொட்டியும் விறைத்துப்போய் வீணாகிறது" என்று செய்தி அனுப்பிவிட்டாள். நான் என்ன தவறு செய்தேன்? பணமாகக் கொடுக்கலாமா? இப்படி மாவு பிசைந்துகொண்டிருப்பதே வெட்டி வேலையோ என்றும் தோன்றுகிறது.

ச.

அன்புள்ள ச.,

உதவி செய்கிறவர்களைப் பற்றிக் கொஞ்ச நாட்களாகவே எரிச்சலோடு யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. ஆகவே உங்களுக்கு உரியதைவிடச் சற்று அதிகமாகவே திட்டு விழலாம்.

மாவு பிசைவது வெட்டி வேலை அல்ல. கணவர் அலுவலகத்துக்கும் மகன் பள்ளிக்கும் போன பிறகு, பேச ஆளில்லாத வீட்டில், கைக்கு அடியில் ஒரு மாவு மெல்ல மெல்ல இளகி வழவழப்பாகிப் பின் தானாகவே உப்பி எழுவதைப் பார்ப்பது எத்தனை பெரிய துணை என்பது எனக்குத் தெரியும். அதை யாருக்கும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. பணம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீட்டில் சண்டை வராத தொகை என்றால் கொடுங்கள், கணவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

நான் பேச விரும்புவது "என்ன வேண்டுமானாலும் சொல்" என்ற உங்கள் பெருந்தன்மையைப் பற்றி. அதைப் பலமுறை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சொன்ன உங்களுக்கு அத்துடன் வேலை முடிந்துவிட்டது. அவருக்கு அப்போதுதான் தொடங்கியது. தன் வீட்டில் எது குறைகிறது என்று அவர் யோசிக்க வேண்டும், அதில் எதை வெளியில் சொல்லலாம், எதைச் சொன்னால் மானம் போகும் என்று பிரிக்க வேண்டும், உங்களால் எது முடியும் என்று ஊகிக்க வேண்டும், பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்க வேண்டும். விசா வேலையோடு கட்டப்பட்டிருக்கும் நாடு என்றால் வேலை போனவருக்குச் சம்பளம் மட்டும் போகவில்லை, அங்கே தங்கியிருக்கும் உரிமையும் ஆட்டம் காண்கிறது; வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளி, மருத்துவக் காப்பீடு என்று அதைத் தொற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் அவர்களை இரவில் தூங்கவிடாது. அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் பெண்ணிடம் உங்களுக்காக ஒரு தேவைப் பட்டியலையும் தயாரித்துத் தரச் சொல்லியிருக்கிறீர்கள்.

பிறகு சனிக்கிழமைகள். நீங்கள் வருவதற்கு முன் அவர் வீட்டை ஒழுங்கு செய்திருப்பார். விண்ணப்பங்களோடு மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு வந்து சிரித்திருப்பார். கேக்கை வாயாரப் புகழ வேண்டும், உங்களுக்குத் தேநீர் தர வேண்டும், தட்டைக் கழுவித் திருப்பித் தர வேண்டும். இவ்வளவுக்கும் கூலியாக, வேலை விஷயம் என்ன ஆயிற்று என்ற கேள்வி. ஆகியிருந்தால் அவர்களே கதவைத் தட்டிச் சொல்லியிருக்க மாட்டார்களா? வாட்ஸாப் படத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்தக் குழுவில் யாருக்கெல்லாம் அதற்கு முன் விஷயம் தெரியாது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

இனி ரொட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தோழி சொன்னது முழுக்கச் சரி. சுட்ட ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்கள் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. ரொட்டி விறைப்பது ஈரம் காய்ந்துபோவதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்தாலும் அது பழசாகவே செய்கிறது என்று பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852லேயே காட்டிவிட்டார். ஓவனின் சூட்டில் மாவிலுள்ள ஸ்டார்ச் நீரை உறிஞ்சி இளகுகிறது. ஆறிய பிறகு அதன் மூலக்கூறுகள் மெல்ல மீண்டும் வரிசைகட்டி இறுகுகின்றன. அதைத்தான் நாம் விறைப்பு என்கிறோம். இந்த இறுகல் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது சரியாக உங்கள் ஃப்ரிட்ஜ் இருக்கும் குளிரில். வெளியே மேசையில் வைத்திருந்தால்கூட இதைவிட மெதுவாகத்தான் பழசாகியிருக்கும். ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், இது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பிறகு 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ரொட்டி மறுபடி மென்மையாகிறது. ஆகவே ஓரிரு நாளில் தின்று தீர்க்க முடியாத ரொட்டிக்கு ஃப்ரீசர்தான் இடம். அடுத்த முறை சுட்டதும் முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும். ஆறியதும் துண்டு போட்டு, உறைய வைத்துக் கொடுங்கள்.

துண்டு போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஓர் அயல்வீட்டுப் பெண்மணியிடம். நாங்கள் வெளிநாட்டில் இருந்த காலத்தில் என் மனைவி திடீரென்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். செய்தி பரவியதும் நம்மவர்கள் கூட்டமாக வந்தார்கள். பூங்கொத்து கொண்டுவந்தார்கள், சோபாவில் அமர்ந்து தங்களுக்குத் தெரிந்த இதே நோய்க்காரர்களின் கதைகளைச் சொன்னார்கள், நான் போட்டுக்கொடுத்த தேநீரைக் குடித்தார்கள், எது வேண்டுமானாலும் தயங்காமல் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்பில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேல்மாடியில் இருந்த முதிய பெண்மணி வந்தார். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவான மொழியில் இருவருமே தடுமாறுவோம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. ஒரு பையை நீட்டினார். அதில் வெட்டிய ரொட்டி, துண்டுக்குத் துண்டு நடுவே பேக்கிங் காகிதம் செருகி, கல்லாக உறைந்திருந்தது. காகிதம் இருந்ததால் வேண்டிய துண்டை மட்டும் பிரித்தெடுத்து அப்படியே டோஸ்டரில் போட முடிந்தது. கத்தியும் வேண்டாம், பலகையும் வேண்டாம், நின்றபடியே தின்றுவிட்டு மருத்துவமனைக்கு ஓடலாம். பையில் ஒரு சீட்டு. முட்டை, பால், கொட்டைகள் என்று ஒவ்வாமை உள்ளவர்கள் பார்க்க வேண்டியவற்றில் எது உண்டு, எது இல்லை என்று அதில் எழுதியிருந்தார். பிறகு சொன்னார்: "செவ்வாயும் வியாழனும் உங்கள் மகளைப் பள்ளியிலிருந்து நான் அழைத்து வருகிறேன். பள்ளியில் என் பெயரைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழந்தையை என்னுடன் அனுப்ப மாட்டார்கள். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லுங்கள்." என் மனைவிக்கு என்ன நோய் என்றுகூட அவர் கேட்கவில்லை. நன்றி சொல்ல நான் வாயெடுப்பதற்குள் படியேறிப் போய்விட்டார்.

அந்தச் சீட்டை நினைக்கும்போதெல்லாம் ஆல்ஃபிரட் பேர்டு என்ற ஆங்கிலேய மருந்து வணிகரும் நினைவுக்கு வருவார். தன் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது என்பதால், முட்டையில்லாத கஸ்டர்டை முதலில் செய்தவர், 1843ல் ஈஸ்ட் இல்லாமலே ரொட்டியை எழவைக்கும் ஒரு பேக்கிங் பவுடரையும் செய்தார். தின்னப்போகிறவரின் வயிற்றிலிருந்து தொடங்கியவர் அவர். நீங்கள் ஐசிங்கிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். சரி, விடுங்கள். உங்களுக்குக் கெட்ட மனம் இல்லை. இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதிக் கவலைப்படுகிறவர் தோழியை நேசிக்காமல் இருக்க முடியாது. அவரும் உங்களை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் ரொட்டி விறைத்த விவரத்தைச் சொல்லாமல், மிக நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டுக் கதவைத் திறக்காமல் இருந்திருப்பார்.

கொண்டுவராதே என்று சொல்லியிருப்பதால் இப்போதைக்கு எதையும் கொண்டுபோகாதீர்கள். குறிப்பாக, மன்னிப்புக் கேட்டு நீளமான செய்தி அனுப்பாதீர்கள். அதற்கும் உட்கார்ந்து அவர்தான் பதில் எழுத வேண்டியிருக்கும். ஒரே ஒரு செய்தி போதும். "வியாழக்கிழமை நாலு மணிக்கு என் மகனைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன். உன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடுகிறேன். சம்மதம் என்றால் ஒரு 'சரி' மட்டும் போடு, இல்லாவிட்டால் பதிலே வேண்டாம்." அந்த இரண்டு மணி நேரத்தில் கணவனும் மனைவியும் குழந்தைகள் காதில் விழாமல் பேச வேண்டியதைப் பேசிக்கொள்வார்கள், அல்லது அவர் ஒரு நேர்காணலுக்கு உட்காருவார், அல்லது இருவரும் தூங்குவார்கள். திரும்பக் கொண்டுவிடும்போது வாசலிலேயே நின்றுகொள்ளுங்கள். வேலை என்ன ஆயிற்று என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.