லெனி சாவதற்கு முன்பே கனவு கலைந்துவிடுகிறது

ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937) குறுநாவலைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பண்ணைக் கூலிகளான ஜார்ஜ், லெனி என்ற நண்பர்களின் நிலம் வாங்கும் கனவு லெனியின் சாவால்தான் கலைந்தது என்று எழுதியதை உங்கள் ஆசிரியர் ஏற்கவில்லை என்கிறீர்கள். சரி, பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவி இறந்து கிடக்கும் காட்சியைத் திரும்பப் படியுங்கள். அவளைத் தெரியாமல் கொன்றுவிட்டு ஓடிய லெனி அப்போது உயிரோடுதான் இருக்கிறான். 600 டாலர் நிலத்துக்கு, பண்ணையின் வயதான வேலையாள் கேண்டி தருவதாகச் சொன்ன 350 டாலரும் பத்திரமாக இருக்கிறது. நாம் இருவருமாவது வாங்கலாமே என்று கிழவர் கெஞ்சியும் ஜார்ஜ் மசியவில்லை. லெனி இல்லாத நிலம் அவனுக்கு எதற்கு?

அப்புறம் அதே பண்ணையில் வேலை செய்யும் குரூக்ஸ். கறுப்பர் என்பதால் தனி அறையில் ஒதுக்கப்பட்டவர். கூலியே வேண்டாம், அந்த நிலத்தில் வேலை செய்ய நானும் வருகிறேன் என்கிறார். கர்லியின் மனைவி அவரைத் தூக்கில் தொங்கவிட வைப்பேன் என்று மிரட்டியதும் அந்த ஆசையையே மறுத்துவிடுகிறார். எனக்கு அதிகம் வலித்த இடம் அதுதான். மற்றவர்களை விட்டாலும் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.