வாசகர் கேள்வி–பதில்: வெளி இணைப்புகளும் தேடல் தரவரிசையும்

தேடுபொறி முடிவுகளில் ஒரு தளத்தை முன்னே கொண்டுவருவது பற்றி வந்த கேள்விகளில், பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புகள் குறித்தவை மட்டும் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: பழைய கைக்கடிகாரங்களைப் பழுதுபார்ப்பது பற்றி ஒரு தளம் நடத்துகிறேன். அறுபது கட்டுரைகள் எழுதியும் கூகுளில் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. வெளியிலிருந்து லிங்க் வந்தால்தான் தளம் ஏறும் என்கிறார்கள். என் கட்டுரையின் தரத்தை அடுத்தவர் தளம் ஏன் முடிவுசெய்ய வேண்டும்?

உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை நம்பினால் என்ன ஆகும் என்பதைத் தேடுபொறிகள் 1990-களிலேயே பார்த்துவிட்டன. ஒரு சொல் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதற்குப் பெரும் மதிப்பளித்த அந்த நாட்களில், அச்சொல்லை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக நூறு முறை எழுதி ஒளித்துவைத்தவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாக இருந்து கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய 'பேஜ்ரேங்க்' முறை, ஆய்வுலகில் ஏற்கெனவே இருந்த வழக்கத்தைப் பின்பற்றியது: ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பது அதன் மதிப்புக்கு ஓர் அளவுகோலாக இருப்பதுபோல, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் சுட்டுவதும் அளவுகோலாகலாம் என்பதே அதன் அடிப்படை.

இதில் எண்ணிக்கை பாதிக் கதைதான். இணைப்பு தரும் பக்கத்துக்கே எவ்வளவு மதிப்பு இருக்கிறது, அம்மதிப்பை அது எத்தனை பேருக்குப் பங்கிடுகிறது என்ற இரண்டும் கணக்கில் சேரும். சம மதிப்புள்ள இரு பக்கங்களில் ஒன்று 4 இணைப்புகளும் மற்றொன்று 400 இணைப்புகளும் தருமானால், மூல முறையின்படி முன்னதிலிருந்து உங்களுக்கு வரும் பங்கு பின்னதைப்போல் நூறு மடங்கு. இணைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கிக்கொண்டே போகும் ஒருவர் எப்போதாவது சலித்துப்போய் வேறெங்கோ தாவுவார் என்று கற்பனை செய்து, அவர் தொடர்ந்து சொடுக்குவதற்கான வாய்ப்பைப் பொதுவாக 0.85 என வைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்தில் அவர் வந்து நிற்பதற்கான வாய்ப்பே அப்பக்கத்தின் மதிப்பாயிற்று. இன்று கூகுள் பார்க்கும் குறிப்புகள் எத்தனையோ இருக்கின்றன. இணைப்பு அவற்றில் ஒன்று. ஆகவே, நீங்கள் மூன்றாம் பக்கத்தில் நிற்பதற்கு வெளி இணைப்பு இல்லாமை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் அறுபது கட்டுரைகளும் ஒன்றையொன்று சுட்டுகின்றனவா என்று முதலில் பாருங்கள். சொந்த வீட்டுக்குள்ளேயே வழி வைக்காமல் வெளியாரை அழைப்பவர்கள் நம்மில் அதிகம்.

கேள்வி: மாதத்துக்கு 500 பேக்லிங்க் (வெளி இணைப்பு), எல்லாம் 'டொமைன் அத்தாரிட்டி' 50-க்கு மேல் என்று ஒரு நிறுவனம் விலை சொல்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். 'டொமைன் அத்தாரிட்டி' என்பது மாஸ் என்ற தனியார் நிறுவனம் தன் தரவுகளைக் கொண்டு கணித்துத் தரும் மதிப்பெண். அதைக் கூகுள் பயன்படுத்துவதில்லை. இரண்டு தளங்களைத் தோராயமாக ஒப்பிட அது உதவலாம் என்றாலும், விற்பனைப் பட்டியலில் அது வரும்போது எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஒரே மாதத்தில் 500 இணைப்புகள் எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். காலாவதியான தளப் பெயர்களை வாங்கி, இணைப்பு விற்பதற்கென்றே நடத்தும் தளக் கூட்டங்களிலிருந்து வரலாம். யாரும் கவனிக்காத கருத்துப் பெட்டிகளில் மென்பொருள் கொட்டிவிட்டுப் போனவையாக இருக்கலாம். ஊடுருவப்பட்ட தளங்களில் அவற்றின் உரிமையாளருக்கே தெரியாமல் செருகப்பட்டவையாகவும் இருக்கலாம். தரவரிசைக்காகப் பணமோ பொருளோ கொடுத்து இணைப்பு பெறுவது கூகுளின் விதிகளுக்கு முரணானது. 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த 'பெங்குயின்' மாற்றத்துக்குப் பிறகு, இப்படி இணைப்பு சேர்த்த தளங்கள் பல சரிந்தன. 2016 செப்டம்பரில் பெங்குயின் கூகுளின் மையத் தரவரிசை முறையின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டபோது அணுகுமுறை மாறியது. தளம் முழுவதையும் தண்டிப்பதைவிட, அத்தகைய இணைப்புகளை மதிப்பிழக்கச் செய்வதே வழக்கமாயிற்று. எனவே இன்று பெரும்பாலும் நிகழ்வது தண்டனைகூட அல்ல. கொடுத்த பணம் ஒரு பலனும் இல்லாமல் போவதுதான். மனிதர்கள் நேரில் பார்த்து எடுக்கும் நடவடிக்கையும் நடைமுறையில் இருக்கிறது. 2012 ஜனவரியில், பணம் கொடுத்து எழுதுவித்த பதிவுகள் தொடர்பான புகாரில், கூகுள் தன்னுடைய குரோம் உலாவியின் பக்கத்தையே குறைந்தது 60 நாட்களுக்குப் பின்னுக்குத் தள்ளியது.

விளம்பரமாக இணைப்பு வாங்குவதில் தவறில்லை. அதற்குரிய 'ஸ்பான்சர்டு' குறியீடு அந்த இணைப்பில் இருக்க வேண்டும்.

கேள்வி: 'நோஃபாலோ' குறியீடு உள்ள இணைப்பால் பயனே இல்லையா?

கருத்துப் பெட்டிக் குப்பைகளைத் தடுக்கக் கூகுளும் யாஹூவும் மைக்ரோசாஃப்ட்டின் எம்.எஸ்.என்-உம் 2005 ஜனவரியில் ஆதரவு தெரிவித்த குறியீடு அது. அப்போது அதன் பொருள் 'இதை மதிப்பில் சேர்க்காதே' என்பது. 2019 செப்டம்பரில் கூகுள் அதைக் கட்டளையாக அல்லாமல் ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அந்த இணைப்பைச் சொடுக்கி ஆட்கள் வருகிறார்கள் என்றால், குறியீட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: முன்பு வாங்கிய இணைப்புகளை இப்போது 'டிஸ்அவோ' செய்ய வேண்டுமா?

தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் 'மேனுவல் ஆக்‌ஷன்' (மனிதர் பார்த்து எடுத்த நடவடிக்கை) அறிவிப்பு வந்திருந்தால், நீக்கச் சொல்ல முடிந்தவற்றை நீக்கச் சொல்லி, எஞ்சியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் 'டிஸ்அவோ' கருவியின் வழியாக மறுத்து, செய்ததை ஒளிக்காமல் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். அறிவிப்பு இல்லையென்றால் பொதுவாகத் தொடாமல் விடுவதே நல்லது. 2012 அக்டோபரில் வந்த இந்தக் கருவி பெரும்பாலான தளங்களுக்குத் தேவைப்படாது என்பதைக் கூகுளே சொல்லியிருக்கிறது. பயந்துபோய் நல்ல இணைப்புகளையும் சேர்த்து மறுத்துவிடும் அபாயம் இதில் உண்டு.

கேள்வி: இணைப்பில் எந்தச் சொல் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கலாமா?

கேட்காதீர்கள். இணைப்பாகும் சொற்களைத் தேடுபொறி படிக்கிறது என்பது உண்மை. 2003-இல் 'படுதோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைக் கொண்டு பலரும் ஒருங்கே இணைப்பு கொடுத்ததால், அதைத் தேடியவர்களுக்கு அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கம் முதலில் வந்தது. இந்தக் குறும்பை 2007 ஜனவரியில் கூகுள் பெருமளவு அடக்கியது. உண்மையாகவே உங்களைச் சுட்டுபவர்கள் ஒருவர் உங்கள் தளத்தின் பெயரையும், ஒருவர் கட்டுரைத் தலைப்பையும், இன்னொருவர் வெறுமனே 'இங்கே' என்பதையும் இணைப்பாக்குவார்கள். நாற்பது பேர் ஒரே வாசகத்தை எழுத்துப் பிசகாமல் பயன்படுத்தினால், எழுதிக் கொடுத்தவர் ஒருவரே என்று புரிந்துகொள்ளப் பெரிய அறிவு தேவையில்லை.

கேள்வி: வாங்கவும் கூடாது, கேட்கவும் கூடாது என்றால் இணைப்பு எப்படித்தான் வரும்?

கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன், ஏற்கெனவே உங்களுடையதாக இருந்ததை மீட்டெடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் தளத்தைப் புதுப்பித்தபோது பக்க முகவரிகளையெல்லாம் அழகாக மாற்றினேன். ஒரு நூலகத்தின் பரிந்துரைப் பட்டியல் என் பழைய முகவரியைச் சுட்டிக்கொண்டிருந்ததையும், அங்கிருந்து வந்தவர்கள் '404' என்ற எண்ணைப் பார்த்துத் திரும்பிப் போனதையும் பல மாதங்கள் கழித்தே கவனித்தேன். பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடும் '301' என்ற நிரந்தர வழிமாற்றை அமைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. சர்ச் கன்சோலில் உள்ள இணைப்புகள் அறிக்கையையும், 'காணவில்லை' என்று காட்டும் பக்கங்களின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இத்தகையவை அகப்படும். உங்கள் பெயரைக் குறிப்பிட்டும் இணைப்பு கொடுக்க மறந்தவர்கள் இருந்தால், அவர்களுக்கு ஒரு வரி எழுதுவதில் கூச்சம் தேவையில்லை.

அடுத்து, எதற்கு இணைப்பு வருகிறது என்று பாருங்கள். எழுதுகிறவர், தான் மறுபடி விளக்க வேண்டிய வேலையை மிச்சப்படுத்தும் பக்கத்தையே சுட்டுகிறார். 'கைக்கடிகாரத்தைப் பராமரிக்கப் பத்து வழிகள்' ஆயிரம் தளங்களில் இருக்கிறது. அதைச் சுட்ட யாருக்கும் அவசியம் இல்லை. எந்த இயக்கப்பொறிக்கு எந்த அளவு மெயின்ஸ்பிரிங் (கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்) பொருந்தும் என்று நீங்களே பிரித்து அளந்து எழுதிய அட்டவணை, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் வரிசையில் எடுத்த தெளிவான படங்கள், ஒரு பாகத்துக்கு மாற்றாக எது பொருந்தவில்லை என்ற தோல்விக் குறிப்பு ஆகியவற்றை அதே தொழிலில் இருப்பவர் தன் பக்கத்திலிருந்து சுட்டுவார். ஏனெனில் அவருக்கு அது தேவை. அறுபது கட்டுரைகளில் இப்படிப்பட்டவை எத்தனை என்று முதல் கேள்வியை அனுப்பிய வாசகரும் எண்ணிப் பார்க்கலாம்.

அதன் பிறகு கடிதம் எழுதுங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாமல், ஐந்து பேரின் பக்கங்களை உண்மையாகவே படித்து, அவரவர் பக்கத்தில் எந்த இடத்தில் உள்ள இணைப்பு செத்துப்போயிருக்கிறது, அதற்கு ஈடாக உங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பலர் பதில் போடமாட்டார்கள்.

கேள்வி: நண்பரும் நானும் இணைப்பு மாற்றிக்கொள்ளலாமா?

இருவர் வாசகருக்கும் பயன் இருந்தால் தாராளமாக. அளவுமீறிய கொடுக்கல் வாங்கலைத்தான் கூகுளின் விதிகள் குறிப்பிடுகின்றன.

கேள்வி: முதல் பக்கத்துக்கு எத்தனை இணைப்புகள் வேண்டும்?

பொதுவான எண் எதுவும் இல்லை. உங்கள் சொல்லைத் தேடி, முதல் பக்கத்தில் நிற்கும் பத்துப் பக்கங்களையும் எவை சுட்டுகின்றன என்பதைப் பேக்லிங்க் காட்டும் கருவி ஒன்றில் பாருங்கள். சில சொற்களுக்கு அங்கே நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். குறிப்பிட்ட ஒரு பழைய இயக்கப்பொறியின் பெயரைத் தேடினால் இரண்டோ மூன்றோதான் இருக்கக்கூடும். உங்கள் வேலையை அந்த இரண்டாவது வகைச் சொற்களிலிருந்து தொடங்குங்கள்.