3 ரூபாய்ப் பையும் 340 ரூபாய் கிரீமும்

கேள்வி: எனக்குத் தெரிந்த ஒருவர் சூப்பர் மார்க்கெட்டில் 340 ரூபாய் முகக் கிரீமை பில் போடாமல் கட்டைப்பைக்குள் வைத்து வெளியே வரும்போது பிடிபட்டார். திருட்டு வழக்குப் போட்டால் என்னவெல்லாம் நடக்கும்?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், விருத்தாசலம்)

பதில்: கட்டைப்பை என்று எழுதி என் வாயைக் கிளறிவிட்டீர்கள். ஜவுளிக்கடையில் ஒரு கைக்குட்டை வாங்கினாலும் கட்டைப்பை கொடுத்து அனுப்பிய காலம் ஒன்று உண்டு. பைகளைப் போட்டு வைக்கவே வீட்டில் ஒரு பை தொங்கும். இப்போது இரண்டாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கி நின்றால், கவுன்ட்டர் பிள்ளை ‘பேக் வேணுமா சார்?’ என்கிறது. ‘வேண்டாம்மா, வெண்டைக்காயை வேட்டியில் முடிந்துகொள்கிறேன்’ என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்காமல் பத்து ரூபாயை பில்லில் ஏற்றிவிட்டது. சரி, வீட்டிலிருந்தே பை கொண்டுபோகலாம் என்றால் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பையில் அவர்கள் கடை விளம்பரம், சுமப்பது நாம். 2019-இல் காகிதப் பைக்கு 3 ரூபாய் வசூலித்த பாட்டா கடையை மொத்தம் 9,000 ரூபாய் கட்டச் சொன்னது சண்டிகர் நுகர்வோர் மன்றம். இதை நான் எழுதும்போதெல்லாம் காரைக்குடி வணிகர் ஒருவர், ‘கடை வைத்துப் பாரும், தெரியும்’ என்று அஞ்சலட்டை போடுவார். ஐயா, இந்த முறையும் போடுங்கள்.

சரி, உங்கள் ‘தெரிந்த ஒருவர்’. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 303-ஆம் பிரிவில் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே, மாட்டியதும் முதல் தடவை, பொருளையோ விலையையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமூக சேவைதான். அந்தத் தொகைக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. ஜாமீனும் உரிமை. கடைக்காரர் சம்மதித்தால் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழியுண்டு.

சிக்கல் 305-ஆம் பிரிவில் இருக்கிறது. பொருள் இருப்பு வைக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டு என்று போலீஸ் அந்தப் பிரிவில் வழக்கு எழுதிவிட்டால் ஏழு ஆண்டு வரை போகும், ஜாமீனுக்கும் அலைய வேண்டும். ஆகவே வக்கீலிடம் அழுவதற்கு முன் எந்தப் பிரிவு என்று பாருங்கள். நீதிமன்றம் நினைத்தால், முதல் தவறு என்று கண்டித்து மட்டும் அனுப்ப 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இதில் எதுவும் நடந்திருக்காது என்பது என் ஊகம். எண்ணெய் டின் அடுக்கிய பின்னறையில் உட்காரவைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, செல்போனில் படம் பிடித்து, ‘பத்து மடங்கு கட்டு, இல்லையென்றால் போலீஸ்’ என்றிருப்பார்கள். அபராதம் விதிக்க எந்த மேனேஜருக்கும் அதிகாரம் கிடையாது. அடைத்துவைத்து மிரட்டினால் அதற்கு அதே நியாய சன்ஹிதாவில் 127-ஆம் பிரிவு இருக்கிறது. பிடிபட்டது பெண் என்றால் போலீஸே ஆனாலும் ஒரு பெண்ணைக் கொண்டுதான் சோதனை போடலாம், செக்யூரிட்டி எம்மாத்திரம்?

அந்த 3,400 ரூபாயைக் கட்டித் தொலைத்திருந்தால், அதற்கு ஒரு பில் கேட்கச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. எத்தனை சதவீதம் போடுகிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டும்.