திங்கட்கிழமை குறையும் இரண்டு சிகரெட்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. கோவையில் இன்ஜினீயரிங் படிக்கிறான். சனிக்கிழமை வந்து ஞாயிறு இரவு பஸ் ஏறுவான். துவைக்கப் போட்ட பேன்ட்டில் பென் டிரைவ் மாதிரி ஒன்று இருந்தது, மாம்பழ வாசனை. கேட்டால், "வேப்தாம்மா, வெறும் ஃபிளேவர், சிகரெட் இல்ல" என்கிறான். இவரிடம் சொல்லப் பயம். ஏற்கெனவே திங்கட்கிழமை ஆனால் பெட்டியில் ரெண்டு சிகரெட் குறைகிறது, கணக்கு மறந்துபோகிறது என்று எரிந்து விழுகிறார். சிகரெட் இல்லையே என்று விட்டுவிடலாமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: சகோதரி, மகன் ஞாயிறு இரவு பஸ் ஏறுகிறான். உங்கள் கணவருக்குத் திங்கட்கிழமை கணக்கு தப்புகிறது. இரண்டையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து ரூபாய் சில்லறை குறைந்தால் கண்டுபிடிக்கும் உங்களுக்கு இது தெரியாமல் போகுமா? பார்க்க மனம் வரவில்லை. உங்கள் மகன் சிகரெட்டுக்கு வந்துவிட்டான்.

வந்த வழியையும் சொல்கிறேன். வேப் என்பது மின்சிகரெட். அதில் பெரும்பாலும் நிகோடின், அதாவது புகையிலையில் இருக்கும் அதே அடிமையாக்கும் பொருள், இருக்கும். அதைப் பலவற்றில் உப்பு வடிவில் சேர்ப்பதால் தொண்டை அவ்வளவாக எரியாது. சிறிய குப்பி ஒன்றிலேயே ஒரு பெட்டி சிகரெட் அளவு நிகோடின் இருக்கலாம். சுமார் 25 வயது வரை மூளை வளர்கிறது, அந்த வயதில் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வேப் பிடிக்கும் இளைஞர்கள் சிகரெட்டைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்குக் கணிசமான ஆதாரம் இருப்பதாக, அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை 2018-லேயே சொல்லிவிட்டது.

நம் நாட்டில் 2019-ல் சட்டம் போட்டு வேப்பின் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டார்கள். அவன் வாங்குவது திருட்டுச் சரக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்தவர் யாரும் இல்லை. 'வெறும் ஃபிளேவர்' என்று அவன் எதை வைத்துச் சொல்கிறான்? குப்பி தீர்ந்தால் அடுத்தது உடனே கிடைக்காது, ஆனால் உடம்பு கேட்கும். வீட்டில் அப்பாவின் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

கணவரிடம் மறைக்கவே கூடாது. தாயும் பிள்ளையும் சேர்ந்து அப்பாவுக்கு ஒன்றை ஒளிக்கத் தொடங்கினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை உங்களிடமும் ஒளிப்பான். இப்போதே ஒளிக்கிறானே! அப்புறம், கோபப்படும் உரிமை உங்கள் கணவருக்கு இன்றைக்கு இல்லை. தான் பிடித்துக்கொண்டே மகனைக் கண்டிக்கும் அப்பாவின் சொல் எந்த வீட்டிலும் எடுபட்டு நான் பார்த்ததில்லை. முதலில் அவர் நிறுத்தட்டும். மகனுக்குச் செய்யும் கடமை என்றே நினைத்துச் செய்யட்டும்.

1800-112-356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை தருகிறார்கள். அதே பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும். அப்பாவும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும். நிறுத்திய முதல் சில வாரங்கள் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

வரும் சனிக்கிழமை அவன் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள், குறைந்த அந்த இரண்டு எங்கே போயின என்று உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள்.