வாடாமல்லி ஏன் ரோஸாகிறது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கலைப்பொருள், கைவினைப்பொருள் கடைகளுக்காக 16 வருடங்களாகப் படமெடுத்து வரும் புகைப்படக்காரர்.

கேள்வி: எம்ப்ராய்டரி நூல், உல்லன் நூல் விற்கிறேன். ஆன்லைனில் வாங்குகிறவர்கள், "படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதிலும் வாடாமல்லி, மயில்கழுத்து இரண்டும் தீராத தகராறு. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?

பதில்: கேமரா இருக்கட்டும் அம்மா. படமெடுக்கும் அறையில் எத்தனை விதமான வெளிச்சம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் ஜன்னல், தலைக்கு மேல் டியூப் லைட், மூலையில் மஞ்சள் பல்பு என்று இருந்தால் மூன்றும் மூன்று நிறம். கேமராவால் ஏதாவது ஒன்றுக்குத்தான் ஈடுகட்ட முடியும். நூல்கண்டின் ஒரு பக்கம் நீலம் பாயும், மறுபக்கம் மஞ்சள் தட்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், ஒரு கடைக்காக 60 நிற உல்லன் நூலைப் படமெடுத்தேன். 40 கண்டுகளைக் காலையில் ஜன்னலோரம் எடுத்து முடித்தேன். நேரமாகிவிட்டதால் மீதி இருபதைச் சாயங்காலம் லைட் போட்டு எடுத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகாக இருந்தன. அந்தப் படங்களை நம்பி ஒரு பெண்மணி இரண்டு பச்சைகளை ஜோடியாக வாங்கி, சால்வை பின்ன ஆரம்பித்திருக்கிறார். பாதியில் நிறுத்திய சால்வையைக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். படத்தில் அடுத்தடுத்த படியாகத் தெரிந்த பச்சைகளில் ஒன்று பாசி நிறம், இன்னொன்று கிட்டத்தட்ட நீலம். அந்தச் சால்வையை வரிசை வரிசையாகப் பிரித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து, ஒரு நிறத் தொகுப்பு என்றால் முழுவதையும் ஒரே உட்காரலில், ஒரே வெளிச்சத்தில்தான் எடுக்கிறேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு ஒரே வகை விளக்கை மட்டும் போடுங்கள். விளக்கு வாங்கும்போது பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, 100-தான் உச்சம். 95-க்குக் குறைந்ததைத் தொடாதீர்கள். அப்புறம், முதல் படத்தில் நூலோடு ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்து, அதை வைத்து ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்குக் கேமரா செய்யும் ஈடுகட்டலை, நிறுத்திப் பூட்டிவிடுங்கள். கடைசிக் கண்டு வரை அதை மாற்றக் கூடாது. ஆட்டோவில் விட்டால் கேமரா ஒவ்வொரு கண்டுக்கும் ஒரு முடிவெடுக்கும். சாம்பல் அட்டைக்குப் பதில் ஏதாவது வெள்ளைத்தாள் போதுமே என்று தோன்றும். பல தாள்களில் வெண்மை கூட்டும் பொருள் சேர்த்திருப்பார்கள். அது மெல்லிய நீலம் அடிக்கும், கணக்கு தவறிவிடும்.

இனி வாடாமல்லி. இந்த மாதிரிப் பளீர் நிறங்களில் கேமராவின் சிவப்புப் பகுதி சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடும். நூலின் முறுக்கு மறைந்து, ரோஸ் திட்டாக மிஞ்சும். வெளிச்ச அளவை மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப், தேவைப்பட்டால் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்து எடுங்கள் (ஒரு முழு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), முறுக்கு திரும்பி வரும். மயில்கழுத்தின் சிக்கல் வேறு. திரைகளில் பெரும்பாலும் பயன்படுவது எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற எல்லை. 1996-இல் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்தது. அடர்ந்த நீலப்பச்சைகளில் பலவும், ஒளிரும் நியான் நிறங்களும் அந்த எல்லைக்கு வெளியே இருப்பவை. எந்தக் கேமரா வாங்கினாலும் அந்தத் திரையில் முழுதாக வராது.

அதற்கு நான் செய்வது இதுதான். மயில்கழுத்து நூலைத் தனியாக எடுத்த படத்தோடு, சாதாரண நீலத்துக்கும் சாதாரணப் பச்சைக்கும் நடுவில் அதை வைத்து இன்னொரு படம் எடுப்பேன். திரை எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும், "இதைவிடப் பச்சை, அதைவிட நீலம்" என்ற உறவு பெரும்பாலும் மாறாது. வாங்குகிறவர் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். விவரத்தில் ஒரு வரியும் சேருங்கள்: "நேரில் இதைவிட அழுத்தமாக இருக்கும்." இதை எழுதினால் விற்பனை குறையுமோ என்று பயப்பட வேண்டாம். திரும்பி வரும் பார்சல்தான் குறையும்.

கேள்வி: பெயின்ட் டியூப்களுக்கு முதல் படமாக எதைப் போடுவது? டியூபையா, பெட்டியையா?

பதில்: இரண்டும் வேண்டாம், தடவிக் காட்டிய நிறத்தைப் போடுங்கள். டியூபின் மேல் இருக்கும் வண்ணப்பட்டை அச்சு மை. உள்ளே இருப்பது அதுவல்ல.

நல்ல தாளில் முதலில் பிரஷால் ஒரு கறுப்புக் கோடு இழுத்துக் காயவிடுங்கள். அதன் மேல் பெயின்டைக் கெட்டியாக ஒரு தடவல், தண்ணீர் விட்டு ஒரு தடவல், வெள்ளை கலந்து ஒரு தடவல். கோடு எவ்வளவு மறைகிறது என்பதிலேயே அது ஊடுருவித் தெரியும் நிறமா, மூடும் நிறமா என்று வரைகிறவருக்குத் தெரிந்துவிடும். முழுதாகக் காய்ந்த பிறகே படமெடுங்கள். அக்ரிலிக் காய்ந்ததும் கொஞ்சம் கறுக்கும், வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறும். ஈரத்தில் எடுத்த படம் பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் அது அரைமணி நேரத்து நிறம்.

டியூபின் பின்பக்கத்தையும் எழுத்து படிக்கிற அளவுக்கு எடுத்துப் போடுங்கள். அங்கே நிறமியின் குறியீடு இருக்கும். பி.பி.29 என்றால் அல்ட்ராமரைன் நீலம், பி.ஆர்.108 என்றால் காட்மியம் சிவப்பு. ஒரே பெயரில் இரண்டு கம்பெனிகள் வேறு வேறு நிறமியை அடைத்து விற்பதுண்டு. விவரம் தெரிந்த வாடிக்கையாளர் அந்த எண்ணைத்தான் தேடுவார். அது படத்தில் இருந்தால், தொழில் தெரிந்த கடை என்று உங்களை நம்புவார்.

கேள்வி: ஜரிகை நூல், கிளிட்டர், சொரசொரப்பான வாட்டர்கலர் தாள் எல்லாமே படத்தில் தட்டையாக வருகின்றன.

பதில்: எல்லாவற்றுக்கும் மென்மையான வெளிச்சம் கொடுப்பதால் வரும் வினை. தாளுக்கு விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் இருந்து அடியுங்கள். ஒவ்வொரு மேடும் தன் நிழலைப் போடும், 300 கிராம் (ஒரு சதுர மீட்டரின் எடை) தாளின் பரப்பு கையால் தடவுவதுபோலத் தெரியும். ஜரிகைக்கும் கிளிட்டருக்கும், பட்டர் பேப்பர் வழியாக வரும் பரந்த வெளிச்சத்தோடு சின்ன டார்ச் மாதிரி ஒரு கூர்மையான வெளிச்சமும் சேர வேண்டும். ஆனாலும் மினுக்கம் என்பது அசைவில்தான் தெரியும். ஐந்து விநாடி வீடியோவில் நூலை மெல்லத் திருப்பிக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் விற்பது எல்லாமே மற்ற கம்பெனிகளின் சரக்கு. எங்கள் கடைக்கென்று ஒரு பிராண்டிங் எப்படிச் செய்வது? ஒவ்வொரு படத்திலும் பெரிதாக லோகோ, பின்னணியில் கடையின் ஆரஞ்சு நிறம் என்று யோசிக்கிறோம்.

பதில்: ஆரஞ்சுப் பின்னணியைத் தயவுசெய்து கைவிடுங்கள். பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் செவ்ரெலிடம், கறுப்பு நூல் கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும் அந்தக் கறுப்பை வெளிறச் செய்தன. ஒரு நிறம் தன் அண்டையில் இருக்கும் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை அவர் 1839-இல் விரிவாக எழுதினார். ஆரஞ்சின் மேல் வைத்தால் உங்கள் நீலங்கள் தகதகக்கும், சிவப்புகள் செத்துப்போகும். பின்னணி வெளிர் சாம்பலாகவே இருக்கட்டும். ஆரஞ்சைப் பார்சல் ஸ்டிக்கரிலும், பில்லிலும், ஷேட் கார்டின் ஓரத்திலும் வையுங்கள். லோகோ சரக்கின் மேல் படவே கூடாது.

கடையின் அடையாளம் என்று நான் நினைப்பது, எந்தக் கம்பெனிப் பொருளானாலும் நீங்கள் ஒரே மாதிரி காட்டும் முறையைத்தான். பிரஷ் என்றால் எப்போதும் இடப்பக்கம் முடி, கீழே மில்லிமீட்டர் ஸ்கேல். பிரஷ் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் அந்த ஸ்கேல் பெரிய உதவி. பெயின்ட் என்றால் எப்போதும் அதே மூன்று தடவல். ஃபேபர்-காஸ்டெல் தன் பச்சைப் பென்சிலை 1905-இல் கொண்டுவந்தது, இன்றும் அது பச்சைதான். நூறு பென்சில்களுக்கு நடுவில் எடுத்துக் காட்டச் சொன்னால் வரைகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள்.

இதற்குச் செலவு அதிகமில்லை, ஒழுங்குதான் வேண்டும். ஸ்டாண்டின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். விளக்கின் உயரம், தூரம், கேமரா எண்கள் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். புதுச் சரக்கு வரும்போது கடையில் யார் எடுத்தாலும் படம் பழைய வரிசையில் போய் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: மொபைல் போதுமா?

பதில்: போதும். லென்ஸைத் துடைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள், கிட்டப் போனால் பாட்டில்களின் உருவம் கோணும். அழகுபடுத்தும் ஃபில்டர்களையும், தானாக நிறம் கூட்டும் வசதியையும் எடுக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள்.