மூச்சை எண்ணுவது எதுவரை?

வாசகர் கேள்வி – பதில்: பௌத்த தியான நூல்கள்

கே: புத்தகத்தைப் பார்த்து மூச்சை எண்ணிப் பழகுகிறேன். எண்ணிக்கை நாற்பது, ஐம்பது என்று போய்விடுகிறது. கால் மணி நேரத்தில் புருவ மத்தியில் வலி எடுக்கிறது. எங்கே தவறு?
– வாசகர், பாளையங்கோட்டை

ப: இரண்டு இடத்தில். எண்ணிக்கை 5-க்குக் குறையவும் கூடாது, 10-ஐத் தாண்டவும் கூடாது என்று புத்தகோசர் பாலி மொழியில் எழுதிய தியான நூலான 'விசுத்திமக்கம்' (5ஆம் நூற்றாண்டு) கறாராகச் சொல்கிறது. ஐந்துக்குள் முடித்தால் மனம் நெருக்கடியில் முண்டும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஐம்பது வரை பிசகாமல் வந்தீர்கள் என்றால் எண் சரியாகத்தான் இருக்கிறது. மூச்சுதான் பாதி வழியிலேயே கைநழுவியிருக்கும்.

தொடக்கத்தில் எண்ண வேண்டிய விதத்துக்கு அந்நூல் காட்டும் ஆள், களத்தில் நெல் அளப்பவர். மரக்காலை நிரப்பியதும் 'ஒண்ணு' என்று கொட்டுவார். நடுவில் தூசி துரும்பு கண்ணில் பட்டால் பொறுக்கி எறிந்தபடியே 'ஒண்ணு, ஒண்ணு' என்று அதையே சொல்லிக்கொண்டிருப்பார். (நம் பக்கம் முதல் மரக்காலுக்கு 'லாபம்' என்பார்கள், தியானத்தில் லாபக் கணக்கு வேண்டாம்.) அதுபோல ஒரு மூச்சு முடியும்வரை ஒரே எண். அது தெளிவாகத் தெரிந்தால்தான் அடுத்தது. விட்டுப்போனால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எங்கே விட்டது என்று தேடிப் போகாதீர்கள். எண்ணாமலே கவனம் மூச்சில் நிற்கிறது என்று தெரிந்தபின் எண்ணை விட்டுவிடலாம்.

இனி வலி. 'மூக்கு நுனியைக் கவனி' என்று படித்ததும், மூடிய இமைக்குள்ளேயே கண்ணை நுனிக்குத் திருப்பி முறைப்பவர்கள் ஏராளம். கவனிக்க வேண்டியது காற்று உரசும் இடத்தை. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. நீண்ட மூக்குள்ளவர்களுக்கு நுனியிலும், குட்டை மூக்குள்ளவர்களுக்கு மேலுதட்டிலும் உரசல் தெரியும் என்று அந்நூலே பிரித்துச் சொல்கிறது. உங்களுக்கு எது என்று பார்த்து அங்கேயே இருங்கள். விழியைத் தளர்த்தி, தாடையை இளக்கி, மூச்சை இழுத்து விடாமல் அதன் போக்கில் விடுங்கள். எழுந்த பிறகும் வலி நீடித்தால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கே: ஒரு நூல் முதலில் சமாதி (மன ஒருமை) என்கிறது. இன்னொன்று நேரடியாக வயிற்றின் அசைவைக் கவனி என்கிறது. எதை நம்புவது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

ப: இரண்டுமே மரபில் உள்ள வழிகள்தாம். சமாதியை வலுப்படுத்திக்கொண்டு விபஸ்ஸனாவுக்கு (உடலிலும் மனதிலும் நிகழ்வதை உள்ளபடி கவனிப்பதற்கு) போவது ஒன்று. நேரே விபஸ்ஸனாவில் இறங்குவது இன்னொன்று. வயிறு 'எழுகிறது, தாழ்கிறது' என்று மனதுக்குள் குறித்துக்கொள்ளும் பர்மிய முறையைப் பரப்பிய மஹாசி சயாடோ (1904–1982) இரண்டாவது வழிக்காரர். விபஸ்ஸனா ஆசிரியர் கோயங்கா வகுத்த 10 நாள் முகாமில் முதலில் மூச்சு, 4ஆம் நாள்தான் விபஸ்ஸனா. காலையில் மூக்கு, மாலையில் வயிறு என்று மாற்றி மாற்றி உட்கார்ந்தால்தான் சிக்கல்: இரண்டிலும் கவனம் ஊன்றாது. ஒன்றை எடுத்தால் சில மாதமாவது அதிலேயே இருங்கள்.

வாசிப்புக்கு மூலத்திலிருந்து தொடங்குங்கள். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 10ஆவது உரை (சுத்தம்) விழிப்புணர்வைப் பற்றிய சதிபட்டானம், 118ஆவது மூச்சைக் கவனிப்பது பற்றிய ஆனாபானசதி. பின்னதில் 16 படிகள். உடல், உணர்ச்சி, மனம், தம்மம் (பொருள்களின் இயல்பு) என நான்கு நான்காக வரும். விசுத்திமக்கத்தில் 23 அதிகாரங்கள், 40 தியானப் பொருள்கள். முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் பாதியில் மூடிவைத்துவிடுவீர்கள். 8ஆம் அதிகாரத்தில் மூச்சைப் பற்றிய பகுதியை மட்டும் எடுங்கள். ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு ஞானமோலி பிக்குவின் மொழிபெயர்ப்பு (1956) இருக்கிறது.

கே: சில நேரம் மூச்சே தெரியாமல் போகிறது. பயந்து எழுந்துவிடுகிறேன். இது ஜானமா?
– வாசகர், வள்ளியூர்

ப: ஜானம் (மனம் ஒன்றி ஆழ்ந்துபோகும் தியான நிலை) என்று அவசரப்பட வேண்டாம், மூச்சு மெலிந்திருக்கிறது, அவ்வளவே. எழுவதுதான் தவறு. கருவில் இருப்பவர், நீரில் மூழ்கியவர், இறந்தவர், 4ஆம் ஜானத்தில் இருப்பவர் ஆகியோருக்கு மூச்சில்லை என்று ஒரு பட்டியலையே விசுத்திமக்கம் போடுகிறது. 'இவர்களில் நான் யாருமில்லை, ஆகவே மூச்சு இருக்கிறது' என்று தெளியச் சொல்கிறது. வழக்கமாக உரசும் இடத்தில் காத்திருங்கள். வேண்டுமென்றே பலமாக மூச்சை இழுத்துப் பார்த்தால், அதுவரை சேர்ந்த அமைதி கலைந்துவிடும். வெயில் நேரத்தில் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து தலை தொங்கினால் அது வெறும் தூக்கம், இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கே: பழந்தமிழில் இதற்கு நூல் உண்டா?
– வாசகி, சங்கரன்கோவில்

ப: மணிமேகலையின் கடைசிக் காதை (30ஆவது) பன்னிரு சார்புகளை (ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் துன்பம் பிறக்கும் பன்னிரண்டு கண்ணிகளை) வரிசையாகச் சொல்கிறது. மூச்சுப் பயிற்சிக்கான படிமுறை அதில் கிடைக்காது. ஆனால் 'ஊறு (தொடுகை), நுகர்வு, வேட்கை' என்று வரும் மூன்றையும் நிறுத்திப் படியுங்கள். முழங்கால் வலிக்கிறது, அது நுகர்வு. காலை மாற்ற மனம் பறக்கிறது, அது வேட்கை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விபஸ்ஸனா பழகுபவருக்கு வேலை.