எல்லாவற்றையும் ஒட்டும் கம் என்று ஒன்று இல்லை

பிள்ளைகளின் காற்றடிக்கும் நீச்சல் தொட்டியில் ஒரு பொத்தல். சுப்பர் குளூ பூசினேன். இரண்டே நாளில் அதே இடத்தில் காற்றுப் போகிறது. (வெள்ளவத்தை)

சுப்பர் குளூ காய்ந்தால் விறைத்துவிடும். தொட்டியோ காற்றடிக்க இழுபடும், பிள்ளைகள் சாய்ந்தால் மடியும். கூடவே மடிய முடியாத கம் நொறுங்குகிறது. அந்தப் பொருக்கை முதலில் மெல்ல உரித்தெடுங்கள், அதன் மேல் எந்த ஒட்டும் நிற்காது.

உங்கள் தொட்டி மெல்லிய வினைல், அதாவது இளக்கமான பிவிசி. வினைலுக்கு என்று எழுதிய, காய்ந்தும் இளக்கமாக இருக்கும் கம் வாங்குங்கள். ஒட்டுத்துண்டும் வினைலாக இருக்கட்டும். பொத்தலைச் சுற்றி 2, 3 சென்டிமீற்றர் மூடும்படி வட்டமாக வெட்டுங்கள். மூலை விட்டால் அங்கிருந்துதான் கிளம்பும். காற்றை முழுக்க இறக்கி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு பக்கமும் மெல்லிதாகப் பூசுங்கள். விரல் மூட்டால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் கம் கையோடு வரக்கூடாது. அந்தப் பதத்தில் வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேயுங்கள். 24 மணி நேரம் காற்றடிக்க வேண்டாம்.

சைக்கிள் டியூப் கம் பாவிக்கலாமா?

முடியாது. அது இறப்பருக்கு.

பைப் கம்மும் பிவிசிக்குத்தானே? (தெஹிவளை)

பைப் விறைப்பான பிவிசி. அந்தக் கம் மெல்லிய வினைலைக் கரைத்துச் சுருக்கும், காய்ந்த பிறகு வெடிக்கும்.

காற்றுப் படகுக்கு 'எல்லாவற்றுக்கும் நல்லது' என்று சொல்லி மஞ்சள் கம்மைச் சோடாப் போத்தலில் ஊற்றித் தந்தார்கள். ஒரு மாதத்தில் ஒட்டு வழுகி வந்துவிட்டது. (முகத்துவாரம்)

பிழை உங்களுடையது அல்ல. செருப்புக்கும் போமைக்காவுக்கும் பூசும் அந்த மஞ்சள் கம் பெரும்பாலும் நியோபிரீன் என்ற செயற்கை இறப்பர் கம். பிவிசியை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் மெல்ல ஊறி வந்து நியோபிரீனைக் குழைத்துவிடும். பிவிசி படகுக்கு வேண்டியது இரண்டு பாகமாக வரும் பொலியூரிதேன் கம். ஹைப்பலோன் என்ற செயற்கை இறப்பர் பூசிய படகு என்றால்தான் நியோபிரீன், அதுவும் ஹார்ட்னர் (கம்மை இறுக்கும் இரண்டாம் பாகம்) கலந்தது. எது என்று தெரியாவிட்டால் மறைவான ஓரத்தில் எம்ஈகே என்ற கரைப்பானில் நனைத்த பஞ்சால் தேயுங்கள். பிசுபிசுத்தால் பிவிசி.

ஹார்ட்னர் அளவு டின்னில் இருக்கும். பொதுவாக 100 கிராம் கம்முக்கு 5 கிராம் அளவில் வரும், தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒட்டு எல்லாப் பக்கமும் 5 சென்டிமீற்றர் தாண்ட வேண்டும். கொழும்பு ஈரக்காற்றுத்தான் பெரிய எதிரி: கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, பூச்சு வெள்ளையாகப் பூக்கும். பூத்தால் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். மழையில்லாத நாளில், உச்சி வெயில் நேரத்தில், திறந்த விறாந்தை நிழலில் செய்யுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

அந்தப் போத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேபல் இல்லாத கம்மில் என்ன பிசின், என்ன கரைப்பான், எப்போது செய்தது, ஒன்றும் தெரியாது. குடிக்கும் போத்தல் என்பதால் பிள்ளை எடுத்து வாயில் வைத்தால் என்ன ஆகும்? பழைய சோனகத் தெருவில் எத்தனை ஹாட்வெயார் கடைகள் இருக்கின்றன! மூடி திறக்காத டின் தராத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

டின்னைச் சரியாக மூடாமல் வைத்தேன், இறுகிவிட்டது. தின்னர் விட்டால் சரிவருமா?

வராது. எறியுங்கள், அடுத்த டின்னை இறுக்கி மூடுங்கள்.

சீல் உடைக்காத டின், திறந்தால் உள்ளே ஜெலி. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார். (கொட்டாஞ்சேனை)

நானும் இப்படி இரண்டு டின்னுக்குக் காசு கொடுத்து ஏமாந்திருக்கிறேன். இப்போது கடையிலேயே குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன், உள்ளே திரவம் அசைவது கேட்க வேண்டும். டின்னை எறியாதீர்கள். பற்றுச்சீட்டோடு படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.